கழுவாமல் வைத்த பெட்பேன்

புதிதாக வார்டு வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே,

நான் ஓய்வு பெற்ற அன்று சாப்பாட்டு ஹாலில் எனக்கு ஒரு சால்வை போட்டார்கள். மேனேஜர் மைக்கைக் கையில் கொடுத்து, "இருபத்தாறு வருஷம் வேலை பாத்திருக்கீங்க, புதுப் பிள்ளைங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றார். நான் "எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கேட்டது ரெண்டு வார்த்தை, அம்மா சரியாக ரெண்டே வார்த்தை சொல்லிவிட்டார்கள் என்று எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில், சொல்லியிருக்க வேண்டியதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது.

அதைத்தான் இப்போது எழுதுகிறேன். நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துப் பிழைகளை நம் மருந்துக் கவுண்டரில் இருக்கும் பெண் திருத்தித் தருகிறேன் என்றிருக்கிறாள். நாலு பேர் பார்க்கும்போது பேச எனக்கு வராது. யாரும் பார்க்காத இடத்தில் உட்கார்ந்தால் மெதுவாக வரும்.

படுக்கை விரிப்பது, நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது, மாப் போடுவது எல்லாம் உங்களுக்கு வார்டிலேயே கற்றுக்கொடுத்துவிடுவார்கள். அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. நான் செய்த ரெண்டு தப்புகளைப் பற்றிச் சொல்கிறேன். முதல் தப்பு சின்னது.

சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மூச்சுக்குழாய்க்குள் டியூப் விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்காக ஒரு பாட்டியம்மா வெறும் வயிற்றோடு காத்திருந்தார். "ஒரு வாய் டீ குடும்மா, மயக்கமா வருது" என்று என் கையைப் பிடித்துக் கெஞ்சினார். பாவமாக இருந்தது, கொடுத்துவிட்டேன். பரிசோதனை அன்று நடக்கவில்லை. அவர் மகன் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்தது வீணாய்ப் போனது. அப்போதிருந்த தலைமை நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பாவம் பாக்குறது தப்பில்ல, கேக்காம பாவம் பாக்குறதுதான் தப்பு" என்று மட்டும் சொன்னார். மேலே எழுதிப் போடவில்லை. அவர் எழுதியிருந்தால் என் வேலை அன்றே போயிருக்கும். அந்த அம்மாவுக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

அப்படியும் எனக்கு முழுசாகப் புரியவில்லை. புரிய இன்னும் இருபது வருஷம் ஆனது. கன்னியம்மா வந்துதான் புரிய வைத்தாள்.

நம் இரண்டாம் மாடி பெண்கள் நெஞ்சு நோய் வார்டு உங்களுக்குத் தெரியும். காலையில் ஜன்னல் கட்டையைத் துடைத்தால் மத்தியானத்துக்குள் ஆலைப் புகையும் லாரிப் புகையும் சேர்ந்து மறுபடியும் விரலில் கறுப்பு ஒட்டும். திருவொற்றியூர், எர்ணாவூர், மணலி புதுநகர் என்று சுற்று வட்டாரத்திலிருந்து வருகிறவர்கள். இழுப்பு, விடாத இருமல், வருஷக்கணக்கில் நெஞ்சுச் சளி. அந்த வார்டில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. ஒன்பது மணிக்குப் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வருவதற்குள் ஒரு பெட்பேன்கூட கண்ணில் படக்கூடாது. எல்லாவற்றையும் எட்டரைக்குள் கொட்டி, கழுவி, பினாயில் ஊற்றி, கவிழ்த்து வைத்துவிட வேண்டும். இதில் என்னை அடிக்க ஆள் கிடையாது. மற்ற வார்டு ஆயாக்களிடம் சிஸ்டர், "நெஞ்சு வார்டுல போய்ப் பாருங்க, ஒரு வாடை உண்டுமா?" என்பார். எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். அதற்காகவே இன்னும் சீக்கிரமாகக் கழுவுவேன்.

கன்னியம்மாவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். எர்ணாவூர் குடியிருப்பில் வீடு. கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்கும் ரோட்டோரம் இட்லிக் கடை போட்டிருந்தாள். புருஷன் இல்லை. கல்லூரியில் படிக்கும் மகள் ஒருத்தி. கன்னியம்மாவுக்குப் பத்து வருஷமாக இழுப்பு. வாயில் வைத்து உறிஞ்சும் மருந்துப் பம்பை எப்போதும் இடுப்பில் செருகியிருப்பாள். முதல் தடவை ஸ்ட்ரெச்சரில் வந்தபோது ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேச முடியவில்லை. ஆக்சிஜன் வைத்து, ஊசி போட்டு, மறுநாள் கொஞ்சம் தெளிந்ததுமே வாய் திறந்துவிட்டது.

"யக்கா, இது இன்னா உப்புமாவா, இல்ல வெளிய அந்த கலவ மிசின்ல போட்டு கிண்டுனதா?"

பதினாலாம் நம்பர் படுக்கையிலிருந்து அவள் கேட்டால் வார்டே சிரிக்கும். சிரித்து முடித்து ஒவ்வொருத்தியாக இருமுவார்கள். எனக்கு அவளைப் பார்த்த நாளிலிருந்தே பிடித்துவிட்டது. எனக்கு வராத பேச்செல்லாம் அவளுக்கு வந்தது.

ஆக்சிஜன் மாட்டியிருந்ததால் பாத்ரூமுக்கு நடக்கக்கூடாது. மறைப்புத் துணியை இழுத்துவிட்டுப் பெட்பேன் வைத்தேன். எடுத்தபோது பார்த்தேன். சளியும் ரத்தமுமாக இருந்தது. நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். வாயாடி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு குசுகுசுவென்று பேசினாள்.

"யக்கா, யார்கிட்டயும் சொல்லாத. மூலம்தான். சூட்டு ஒடம்பு."

"சிஸ்டர்கிட்ட சொன்னா மருந்து குடுப்பாங்க கன்னிம்மா."

"சிஸ்டர்கிட்ட சொன்னா பக்கத்து பெட்டுக்கு கேக்கும். அது யாரு தெரியுமா? எங்க பிளாக்கு சரோஜா. அது வாயில வுழுந்தா எர்ணாவூர் முச்சூடும் பேச்சுதான். இட்லிக்காரிக்கு வயிறு போவுது, ரத்தமா போவுதுன்னு தெரிஞ்சா எவன் யக்கா என் கையால வாங்கித் துன்னுவான்? கடைய இழுத்து மூடிட்டு நானும் எம் பொண்ணும் தெருவுல நிக்கவா? சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணினேன். மூலமாகத்தான் இருக்கும் என்று நானும் நம்பினேன். நம்பினேனா, நம்ப ஆசைப்பட்டேனா என்று இப்போது தெரியவில்லை. வெட்கத்தில் ஒருத்தி உதடு நடுங்குவதைப் பார்த்தால் நமக்கு வேறெதுவும் தோன்றாது. ஒரு பழைய பேப்பரால் மூடி எடுத்துப்போய்க் கொட்டி, எப்போதையும்விட ரெண்டு பங்கு பினாயில் ஊற்றிக் கழுவினேன்.

பகலில் ஒரு தடவை சிஸ்டர் கேஸ் ஷீட்டை வைத்துக்கொண்டு மேசையிலிருந்தே கேட்பார்: "பதினாலுக்கு மோஷன் போச்சா?" நான் "போச்சு சிஸ்டர்" என்பேன். அவர் ஒரு டிக் போடுவார். பொய் சொல்லவில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். போனது உண்மைதானே.

அவளுக்கு மூச்சு சரியாக, மற்ற மருந்துகளோடு சின்ன வெள்ளை மாத்திரைகளும் கொடுத்தார்கள். முதலில் நாலைந்து, பிறகு மூன்று, இரண்டு என்று குறைத்துக்கொண்டே வருவார்கள். ஸ்டீராய்டு என்பார்கள். அந்த மாத்திரை ஆரம்பித்த சில நாளில் பெட்பேன் சுத்தமானது. "பாத்தியா யக்கா, ஆஸ்பத்திரி சோத்துக்கு மூலமே ஓடிப்போச்சு" என்று கன்னியம்மா சிரித்தாள். எனக்கும் நிம்மதி. வீட்டுக்குப் போனாள்.

மூன்று மாசத்தில் மறுபடியும் இழுப்போடு வந்தாள். மறுபடியும் ரத்தம். மாத்திரை கொடுத்தார்கள், நின்றது. மாத்திரையைக் குறைத்துக்கொண்டே வந்து ஒன்றில் வந்து நிற்கும்போது மெல்ல ஆரம்பித்தது. மூன்றாம் தடவை வந்தபோதும் அச்சு அசலாக அதே கதை. டாக்டர்கள் மாறுவார்கள், சிஸ்டர்கள் ஷிப்ட் மாறுவார்கள். மூன்று தடவையும் அந்தப் பெட்பேனைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். மாத்திரைக்கும் ரத்தத்துக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்று என் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் அது டாக்டர் வேலை, ஆயா வேலை இல்லை என்று நினைத்தேன். என்னை யாராவது கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன். ஐந்தாவது படித்தவளை யார் வந்து கேட்பார்கள்?

நாலாம் தடவை வந்தபோது கன்னியம்மா பாதியாகியிருந்தாள். சேலை இடுப்பில் நிற்கவில்லை. உப்புமாவைப் பற்றிக் கேலி இல்லை. இந்தத் தடவை வார்டில் ஒரு சின்ன டாக்டர் இருந்தார். மேல்படிப்புப் படித்துக்கொண்டே வேலை பார்க்கும் பெண். வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவர். மற்ற டாக்டர்களிடம் டாக்டர் மாதிரி பேசுவார், நோயாளிகளிடம் நம் ஊர்ப் பேச்சு பேசுவார்.

அவர் கன்னியம்மா முதுகில் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். "நெஞ்சு இப்ப நல்லாத்தான் கீது. இழுப்பு சத்தமே இல்ல. அப்பறம் இன்னாத்துக்கு உனுக்கு இப்படி மூச்சு வாங்குது?" என்றவர், கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். வெள்ளைக் காகிதம் மாதிரி இருந்தது. ரத்தப் பரிசோதனையில் ரத்தம் பாதிக்குப் பாதி குறைவு என்று வந்தது.

"எங்கனா ரத்தம் போவுதா? தீட்டு ஜாஸ்தியா?"

"தீட்டு நின்னு ஒரு வருசம் ஆச்சும்மா."

"மோஷன்ல?"

பக்கத்துப் படுக்கையில், போதாத காலம், அந்தத் தடவையும் சரோஜா. அதே இழுப்பு, அதே ரோடு, அதனால் இரண்டு பேரும் ஒரே சமயத்தில்தான் வந்து விழுவார்கள். சரோஜா ஒருக்களித்துப் படுத்துக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"அதெல்லாம் ஒண்ணியும் இல்லம்மா" என்றாள் கன்னியம்மா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் மாப்பைப் பிழிந்துகொண்டு கதவருகில் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. சின்ன டாக்டர் கேஸ் ஷீட்டைப் புரட்டினார். மூன்று அட்மிஷனிலும் மோஷன் கட்டத்தில் டிக், டிக், டிக். எல்லாம் நான் போட வைத்த டிக்.

மறுநாள் காலை ஆறரைக்கு, பாத்ரூமுக்குப் போன கன்னியம்மா திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். உதடு சுண்ணாம்பாக இருந்தது. கூப்பிட்டால் கண் திறக்கிறாள், நிலைக்கவில்லை. தரையில் ரத்தம். சிஸ்டரைக் கூப்பிட்டேன். எல்லாரும் ஓடி வந்து தூக்கினோம். தூக்குவதற்கு முன் நான் என்ன செய்தேன் தெரியுமா? பழக்க தோஷம். ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றிவிட்டேன். அவளை யாரும் அப்படிப் பார்த்துவிடக்கூடாது என்று என் கை தானாகச் செய்தது. தண்ணீர் ஓடி, தரை பளிச்சென்று ஆன பிறகுதான் எனக்கு உறைத்தது. இவளைச் சாகடிப்பது இழுப்பு இல்லை, என் சுத்தம்தான் என்று நினைத்தேன். இன்னும் ஒரு தடவை நான் கழுவினால் இவள் இருக்க மாட்டாள்.

படுக்கையில் போட்டு ஆக்சிஜன் வைத்து, குளுகோஸ் ஏற்றினார்கள். மூச்சுக்கோளாறில் மயங்கிவிட்டாள் என்றே எல்லாரும் பேசினார்கள். கொஞ்சம் தெளிந்ததும் மறுபடியும் பெட்பேன் கேட்டாள். வைத்தேன். எடுத்தேன். மூடி போட்டு அவள் கட்டிலுக்கு அடியிலேயே வைத்தேன்.

"இன்னா யக்கா, எடுத்துகினு போ."

"இன்னிக்கு கழுவ மாட்டேன் கன்னிம்மா. டாக்டர் பாக்கட்டும்."

அவள் முகம் மாறிய மாதிரி நான் யார் முகமும் மாறிப் பார்த்ததில்லை. "சத்தியம் பண்ணியே."

"பண்ணேன். தப்பு பண்ணிட்டேன்."

"உன்ன போயி கூடப்பொறந்தவ மாதிரி நம்புனேன் பாரு. போ, எல்லார்கிட்டயும் தமுக்கு அடி. என் பொழப்புல மண்ண போடு."

"திட்டு. நல்லா திட்டு. நீ இருந்தாதான கடை? உனுக்குத் தெரியாம போய்ச் சொல்ல எனுக்கு இஷ்டமில்ல. அதான் உன்கிட்டயே சொல்றேன்."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிள்ளைகளே, இந்த ஒரு காரியம் மட்டும் அன்றைக்கு நான் சரியாகச் செய்தது. சத்தியத்தை உடைக்கத்தான் வேண்டும் என்றால், யாருக்குச் செய்தோமோ அவர்கள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு உடைக்க வேண்டும்.

ஒன்பது மணிக்கு ரவுண்ட்ஸ் வந்தது. பெரிய டாக்டர், பின்னால் நாலைந்து பேர், சிஸ்டர். பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று என்று வந்துகொண்டே இருந்தார்கள். பெரிய டாக்டர் பதினாலில் நின்று மூக்கைச் சுளித்தார். "என்ன வாடை இங்க?"

சிஸ்டர் குனிந்து பார்த்து நெருப்பானார். திருநெல்வேலிக்காரர். கோபம் வந்தால் ஊர்ப் பேச்சு வந்துவிடும். "என்னம்மா இது? இத்தன வருசத்துல இப்பிடி நடந்தது உண்டா? டாக்டர் வார நேரத்துல கட்டிலுக்கு அடியில இதையா வச்சிருக்க? எடுத்துட்டுப் போ முதல்ல."

எடுத்தேன். ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். போகவில்லை. பேசவும் வரவில்லை. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். வாயைத் திறக்கிறேன், காற்றுதான் வருகிறது. "காது கேக்கலியா?" என்றார் சிஸ்டர். பெரிய டாக்டர் அடுத்த படுக்கைக்கு நகர்ந்துவிட்டார்.

சின்ன டாக்டர் மட்டும் நகரவில்லை. என் முகத்தைப் பார்த்தார், என் கையிலிருந்ததைப் பார்த்தார். கிட்டே வந்து மெதுவாகக் கேட்டார்: "இன்னா ஆயாம்மா, எதுனா காட்டணுமா எனுக்கு?"

தலையை ஆட்டினேன். அவர் மறைப்புத் துணியை இழுத்துவிட்டார். நான் மூடியைத் திறந்தேன்.

அவர் பார்த்த பார்வையில் அருவருப்பு கொஞ்சமும் இல்லை. தொலைத்த சாவியைக் கண்டவர் முகம் மாதிரி இருந்தது. "சார், ஒரு நிமிஷம் இங்க வாங்க" என்று பெரிய டாக்டரைக் கூப்பிட்டார். அவரும் வந்து பார்த்தார். சிஸ்டரைப் பார்த்து, "ரத்தம் ஏத்த ஏற்பாடு பண்ணுங்க, உடனே" என்றார்.

ரவுண்ட்ஸ் முடிந்த பிறகு சின்ன டாக்டர் என்னைத் தேடிக்கொண்டு துணி வைக்கும் ரூமுக்கே வந்தார். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். அங்கே எங்கள் ரெண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. எனக்குப் பேச வந்தது. எல்லாம் சொன்னேன். முதல் தடவை, இரண்டாம் தடவை, வெள்ளை மாத்திரை, குறைக்கக் குறைக்க ரத்தம் திரும்பியது, எல்லாம்.

"மாத்திர போடறப்ப நின்னுச்சா? நல்லா ஞாபகம் கீதா?"

"மூணு தபாவும் டாக்டர்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா ஆயாம்மா?"

"யாரும் கேக்கல" என்றேன். அது நாக்கிலேயே கசந்தது. "இல்ல டாக்டர். சிஸ்டர் தெனம் கேட்டாங்க. நான்தான் போச்சுன்னு மட்டும் சொன்னேன்."

அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் சொன்னது வேறு. "மோஷன் போச்சான்னு கேட்டா போச்சுன்னுதான் சொல்லுவீங்க. எப்படிப் போச்சுன்னு நாங்க கேட்டிருக்கணும். நெஞ்சு வார்டுன்னா நாங்களும் நெஞ்ச மட்டுந்தான் பாக்குறோம்." இப்படிச் சொல்ல அவருக்குக் கடமை இல்லை. என் மகளைவிட சின்ன வயது. அன்றைக்கு என் பாரத்தில் பாதியைத் தன் தோளில் எடுத்துக்கொண்டார்.

ரெண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். குடல் டாக்டர் வந்தார். நம் பக்கத்தில் முதலில் கிருமியா, டி.பி.யா என்று பார்த்தாக வேண்டுமாம். அதெல்லாம் இல்லை என்று ஆனது. கேமரா வைத்த டியூபை உள்ளே விட்டுப் பார்த்து, துளி சதை எடுத்து அனுப்பி, ஒரு வாரம் கழித்து முடிவு வந்தது. பெருங்குடலின் உள்பக்கம் முழுக்கப் புண். நாள்பட்ட குடல் அழற்சி என்றார்கள். மூலமும் இல்லை, சூடும் இல்லை.

சின்ன டாக்டர் கன்னியம்மா படுக்கையில் உட்கார்ந்து அதை விளக்கினார். நான் கொசுவலை மடிப்பது போல் அங்கேயே நின்றேன். எனக்கும் புரிந்ததால் எழுதுகிறேன்.

"நாம அம்மா வயித்துல உருவாவறப்ப மூச்சுக்குழாயும் சோத்துக்குழாயும் ஒரே குழாய்லேர்ந்துதான் பிரியுது. உள்ள பூசின பூச்சும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். ஒண்ணுல வெளிக்காத்து வருது, ஒண்ணுல வெளிச்சோறு வருது. அதனால ரெண்டு எடத்துலயும் ஒடம்பு காவலுக்கு நெறய ஆள் போட்டிருக்குது. அந்த காவக்காரனுங்களே வெறி புடிச்சு நம்மள அடிச்சா இந்த மாதிரி நோவு. நெஞ்சுல ரொம்ப நாளா நோவு இருக்குறவங்கள்ல சில பேருக்கு கொடல்லயும் வருது. கொடல்ல இருக்குறவங்களுக்கு நெஞ்சுல வர்றதும் உண்டு. எல்லாருக்கும் வராது, ஆனா மத்தவங்கள விட கொஞ்சம் ஜாஸ்தி பேருக்கு வருது. இன்னாத்துக்குன்னு முழுசா இன்னும் யாருக்கும் தெரியாது. உன் இழுப்புக்கு குடுத்த மாத்திர அந்த காவக்காரனுங்கள அடக்குற மாத்திர. அதனால மூச்சும் சரியாச்சு, கீழயும் நின்னுச்சு. நிறுத்துனதும் கெளம்பிடுச்சு. ரத்தம் கொறஞ்சதால மூச்சு வாங்குச்சு. நாங்க அதையும் நெஞ்சுன்னு நெனச்சுகினு இருந்தோம்."

கன்னியம்மா எல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "இது ஒட்டுமா?"

"ஒட்டாது."

"என் கையால துன்னா வராது?"

"வராது. காவக்காரன் உன் ஒடம்புக்குள்ள கீறான், இட்லிக்குள்ளயா கீறான்? கைய கழுவிட்டு செய்யி, எல்லாரும் செய்யற மாதிரி."

"சொல்லுவ. நீ துன்னுவியா?"

"துன்றேன். தேறி வந்து கொண்டா."

அவள் அழுதாள். ஒன்றரை வருஷம் ஒளித்து வைத்தது எதற்காகவோ, அந்தப் பயத்துக்கு வேலையே இல்லை என்று முதல் நாளே அரை நிமிஷத்தில் யாராவது சொல்லியிருக்கலாம். நான் முதல் நாளே வாயைத் திறந்திருந்தால் அந்த அரை நிமிஷம் கிடைத்திருக்கும்.

அழுதவள் என் பக்கம் மட்டும் திரும்பவில்லை. வீட்டுக்குப் போகும் நாளில் மகள் வந்து, "வரோம் ஆயாம்மா" என்றாள். கன்னியம்மா பையைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். சரோஜா ஊரெல்லாம் சொல்லியிருப்பாள், கடை போயிருக்கும் என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எர்ணாவூர் வழியாகப் போகும் பஸ்ஸில் இருந்தால் அந்த ரோடு வரும்போது கண்ணை மூடிக்கொள்வேன்.

சிஸ்டர் என்னிடம் மன்னிப்பு என்ற வார்த்தை எதுவும் சொல்லவில்லை. ஆனால் மறுவாரமே மோஷன் கட்டத்தில் டிக் போடுவதை நிறுத்தினார். "எப்படி போச்சு, எத்தன தடவ, ரத்தம் உண்டுமா, சளி உண்டுமா?" என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு, காதோடு கேட்டு எழுதினார். சந்தேகமாக இருந்தால், எத்தனை பெரிய டாக்டர் வந்தாலும், காட்டிவிட்டுத்தான் கழுவ வேண்டும் என்று வழக்கத்தை மாற்றினார். இன்று நீங்கள் செய்வது அந்த வழக்கம்தான். சுத்தத்துக்குப் பேர் வாங்கிய வார்டில் வாடையைத் தாங்கிக்கொண்ட சிஸ்டருக்கு என் நன்றி.

நாலு மாசம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை. கீழே புறநோயாளிகள் வரிசையில் நூறு பேர். அன்று எனக்கு அங்கே டியூட்டி. சின்ன டாக்டர் ரூம் வாசலில் ஒரு பழக்கமான குரல். "அம்மாடி, வழி வுடு, கையில சாம்பார் கீது." எட்டிப் பார்த்தேன். கன்னியம்மா. கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது. கையில் ஒரு தூக்குப் பாத்திரம், இடுப்பில் அதே பம்ப். பின்னால், வேறு யார், சரோஜா. நான் சட்டென்று தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

வாசல் கதவு திறந்தே இருந்தது. கன்னியம்மா மேசை மேல் தூக்கை வைத்தாள். "துன்றேன்னு சொன்ன. துன்னு."

சின்ன டாக்டர் எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். நின்றபடியே ஒரு இட்லியைச் சாம்பாரில் தோய்த்துச் சாப்பிட்டார். ரெண்டாவதையும் எடுத்தார். வரிசையில் இருந்த நூறு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கன்னியம்மா சரோஜா பக்கம் திரும்பினாள்.

"பாத்துக்கோ. டாக்டரே துன்றாங்க. போயி பிளாக்கு பிளாக்கா சொல்லு."

"அடிப்பாவி, நான் எப்ப சொன்னேன்?" என்றாள் சரோஜா. "நீ இல்லாத நேரம் கடைய பாத்துகினதே நானும் உம் பொண்ணும்தான்."

அது உண்மை என்று பிறகு தெரிந்தது. அந்த வாய்க்கு நாங்கள் பயந்த அத்தனை நாளும், அது ஒரு வார்த்தைகூட வெளியே விடவில்லை. விஷயம் வேறெப்படியோ தெரிந்த ரெண்டு மூன்று பேர் மட்டும் கடைக்கு வராமல் போனார்களாம். மற்றவர்கள் எல்லாம் அதே வரிசையில், அதே லாரிகளோடு. சரோஜாவை நான் தப்பாக நினைத்ததற்கும் இங்கேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

கன்னியம்மா தூக்கை மூடவில்லை. கண் யாரையோ தேடியது. தூணுக்கு வெளியே என் வாளி தெரிந்துவிட்டது போல.

"ஏ யக்கா! ஆளு ஒளிஞ்சுகினா வாளி ஒளியுமா? உனுக்குன்னு நாலு தனியா எடுத்தாந்தேன், ஆறிகினே கீது. பத்திரிக வச்சு அழைக்கணுமா? வா இங்க!"

நூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கையைக் கழுவிக்கொண்டு போனேன். இட்லி வாயில் இருந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. அவள் என் தோளில் ஒரு தட்டு தட்டி, நூறு பேருக்கும் கேட்கும்படி கேட்டாள்:

"இன்னா யக்கா, எப்படி கீதுன்னு வாயத் தொறந்து சொல்ல மாட்டியா? மறுபடியும் அதே பழக்கமா?"

"காரம் கொஞ்சம் ஜாஸ்தி" என்றேன்.

சின்ன டாக்டர் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. நான்தான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.